ஏ. கன்னியப்பன்: மாமல்லபுரத்துக்கு ஒரு தப்பைத் திருத்தப் போனது

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது எந்த மலைக்கு எந்தப் பேருந்து, எந்த ஊர் விடுதியில் தண்ணீர் வராது என்பதுதான். இந்த முறை நான் போனது ஊர் சுற்ற அல்ல, சண்டை போட. இருந்தாலும் திருச்சி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் என்ற இந்த வழி பலருக்கும் உதவும் என்பதால் நேரம், தூரம், கட்டணம் எல்லாவற்றையும் குறித்துவைத்தேன். கோபத்தில் இருக்கும்போது எனக்கு எண்கள் நன்றாக நினைவில் நிற்கும்.

ஜனவரி கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை. காலை ஏழே காலுக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேகர் ஒரு படம் போட்டான். சேகர் என் பெரியப்பாவின் ஒரே மகன். கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக் குடியிருக்கிறான். என்னைவிட நாலு வயது இளையவன். ஒரு வருடமாக நான் அவனோடு பேசுவதில்லை. போன ஜனவரியில் பெரியப்பா இறந்த அன்று, வந்துகொண்டிருக்கிறேன், விழுப்புரம் தாண்டிவிட்டேன் என்று ஃபோனில் சொல்லியும் எனக்காக ஒரு மணி நேரம் காத்திருக்காமல் அடக்கத்தை முடித்தவன் அவன். நான் போய்ச் சேர்ந்தபோது மண்மேட்டில் ஊதுவத்தி பாதி எரிந்திருந்தது.

படத்தில் ஒரு கறுப்புக் கல் சுவரில் சாய்ந்து நின்றது. அதில் இரண்டு வரிகள் இருந்தன. 'ஹவில்தார் ஏ. கன்னியப்பன் அவர்கள்.' அதன் கீழே, '1971 போர் வீரர்.' படத்துக்கு அடியில் சேகர் எழுதியிருந்தான்: 'அப்பா நினைவுக்கல். வியாழன் காலை 10 மணிக்கு ஊரில் திறப்பு. அனைவரும் வரவும்.' கூடவே கைகூப்பிய பொம்மைகள் ஆறு. ஆறும் எதற்கு என்று தெரியவில்லை.

என் பெரியப்பாவின் பெயர் கன்னியப்பன் அல்ல, ஏழுமலை. கன்னியப்பன் என்பது அவருடைய அப்பாவின் பெயர், அதாவது என் தாத்தா. ஊரில் எல்லோரும் 'பெரிய வூடு' என்று சொல்லும் குடும்பத்தின் நிலத்தில் சாகும்வரை பண்ணையாளாக இருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. மாமல்லபுரத்தைத் தாண்டிப் போனதுமில்லை. அவர் பெயருக்கு முன்னால் ஹவில்தார்!

தப்பு எங்கே தொடங்கியது என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பத்தொன்பது வயதில் பெரியப்பா ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் வரிசையில் நின்றார். வடநாட்டு எழுத்தர் பெயரைக் கேட்டார், அப்பா பெயரைக் கேட்டார். ஏழுமலை, கன்னியப்பன் என்று இவர் சொன்னார். அவர்கள் ஊரில் பின்னால் வருவதுதான் ஆளைக் கூப்பிடும் பெயர். அன்றோடு ஏழுமலை 'ஏ.' என்ற ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப்போனது. பதினைந்து வருடம் ராணுவத்தில் அவரைக் கன்னியப்பன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வூதியப் புத்தகத்திலும் அதே பெயர்தான்.

என் அப்பா இறந்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு என்னை எம்.ஏ. வரை படிக்க வைத்தவர் பெரியப்பா. கிழக்கு எல்லையில் நடந்த போரில் பக்கத்தில் விழுந்த குண்டில் இடது காது போய்விட்டது. ராணுவத்தை விட்டு வந்த பிறகும் கல்பாக்கத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வாயிற்காவல் வேலை பார்த்தார். தினமும் சட்டைக்கு இஸ்திரி போட்டு, சைக்கிளில் போய் வருவார். எதிரே யார் வந்தாலும் இறங்கமாட்டார். ஊர்த் தெருவில் எங்கள் ஆட்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன காலம் அது. அவர் ஏறி மிதித்துக்கொண்டே போவார். அவரைப் பற்றி வேறு எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இது தெரிந்தால் போதும்.

அந்தப் பெயர்த் தப்பைத் திருத்த நான் மூன்று மனுக்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றும் ஆங்கிலத்தில். மூன்றாவதில் ஒரு வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது: 'கன்னியப்பன் என்பவர் எழுத்தறிவற்ற பண்ணைக் கூலி, அவருக்கும் இந்திய ராணுவத்துக்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது.' பெரியப்பா கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தார். "இங்கிலீஷ் நல்லா எழுதிகீற" என்றார். மடித்துத் தன் இரும்புப் பெட்டியில் வைத்தார். அனுப்பவே இல்லை. பென்ஷன் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொண்டேன். அந்தக் கோபம் எனக்கு முப்பது வருடமாக இருக்கிறது.

இப்போது அதே தப்பைக் கல்லில் வேறு வெட்டியிருக்கிறான். ஓய்வூதியப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்திருப்பான், சோம்பேறி. சொந்த அப்பா பெயரைச் சரியாக எழுதத் தெரியாதா? அவனிடம் கேட்க எனக்கு மனமில்லை. நேராகக் கல் வெட்டியவனிடமே போவது, திறப்புக்குள் பெயரை மாற்றுவது என்று முடிவு செய்தேன். படத்தில் கல்லுக்குப் பின்னால் மாமல்லபுரம் என்று முடியும் பலகை ஒன்று பாதி தெரிந்தது.

புதன்கிழமை காலை 6.50க்குத் திருச்சியில் ரயில். முன்பதிவு செய்த உட்காரும் இருக்கை 135 ரூபாய். 11.20க்குச் செங்கல்பட்டு. நடைமேடையிலிருந்தே கொளவாய் ஏரி தெரியும். அந்த மாதத்தில் தண்ணீர் நிறைய இருக்கும். படம் எடுக்க விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், நான் எடுக்கவில்லை. அங்கிருந்து பழைய பேருந்து நிலையம் பத்து நிமிட நடை. வண்டிகள் நிற்கும் இடம் மாறிக்கொண்டிருப்பதால் ஸ்டேஷனிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

போகிற வழியில் பெரியப்பாவின் பென்ஷன் வந்த வங்கி இருந்த தெருவைத் தாண்டினேன். கல்லூரி விடுமுறைகளில் அவரோடு அங்கே வந்திருக்கிறேன். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். கவுன்டரிலிருந்து "கன்னியப்பன்!" என்று கூப்பிடுவார்கள். அவர் அசையமாட்டார். "பெரியப்பா, கூப்பிடறாங்க" என்பேன். "இர்றா" என்பார். இரண்டாம் முறை கூப்பிடுவார்கள். அப்போதும் அசையமாட்டார். மூன்றாம் முறை அந்த ஊழியர் எழுந்து நின்று கத்துவார். அப்போதுதான் இவர் விறைப்பாக எழுந்து "ஹாஜிர்!" என்பார். ராணுவத்தில் பெயர் கூப்பிட்டால் சொல்வது அது. வரிசையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அவமானமாக இருக்கும். இடது காதுதான் கேட்காதே, வலது பக்கம் திரும்பி உட்கார வேண்டியதுதானே என்று எரிச்சல்படுவேன்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து, கட்டணம் 28 ரூபாய், ஒரு மணி பத்து நிமிடம். திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர் நிறுத்தம் வரும். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் ஃபோன் வரும். நிறுத்தத்தின் முனையில் புதிதாகக் கட்டிய சிமென்ட் மேடை, நீலத் தார்ப்பாய் போர்த்தி இருந்தது. எதிரே பெரிய வீட்டின் மதில். நான் இறங்கவில்லை.

மாமல்லபுரத்தில் இறங்கியபோது மணி ஒன்று. ஆட்டோக்காரரிடம் படத்தைக் காட்டி, இந்தப் பட்டறைக்குப் போகவேண்டும் என்றேன்.

"இன்னா சார், பேரே இல்லாம படத்தைக் காட்றீங்க. இந்த ரோட்ல பட்டறை எத்தினி கீது தெரியுமா?"

"பின்னால பலகை தெரியுது பாருங்க."

"பலகை கெடக்குது. இரு இரு..." என்று படத்தைப் பெரிதாக்கினார். "தோ, ஒத்தக் காது நந்தி! வரதன் பட்டறை சார். மூணு வருசமா அங்கியேதான் குந்திகினு கீது. ஆர்டர் குட்த்தவன் இன்னொரு காதுக்குத் துட்டு குடுக்க வரவேயில்ல. ஏறுங்க, நூறு ரூபா."

"ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது."

"நந்தியக் கண்டுபுட்ச்சதுக்கு இருவது ரூபா சார், அதைக் கழிச்சிக்கினா எண்பது."

எண்பது கொடுத்தேன். கொள்ளைதான். ஆனால் அன்று என்னை ஏமாற்றியவர்களில் முகத்தைப் பார்த்து ஏமாற்றியவர் அவர் ஒருவர்தான்.

வரதன் பட்டறையில் இல்லை. கல் அறுக்கும் யந்திரத்தின் தூசியில் தலை முழுக்க வெளுத்திருந்த ஒருவர், நாலு மணிக்கு வருவார் என்றார். நினைவுக்கல் ஒரு சாக்கின் கீழே கிடந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். 'ஏ.' என்ற எழுத்து தெரிந்ததும் மறுபடி மூடிவிட்டேன்.

மூன்று மணி நேரத்தை எங்காவது கழிக்க வேண்டுமே என்று ஐந்து ரதங்களுக்குப் போனேன். நுழைவுச்சீட்டு நாற்பது ரூபாய். வாசலில் உள்ள கியூஆர் குறியீட்டை ஃபோனில் படம் பிடித்தும் வாங்கலாம். வரிசையில் நிற்பதைவிட அது வேகம். நண்பகலில் போகாதீர்கள், பாறை கொதிக்கிறது. ஒரு வழிகாட்டி முப்பது பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, பெரிய ரதத்தின் மேலே அரசனின் பட்டப்பெயர்கள் வெட்டியிருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு மனிதனுக்கு எத்தனை பெயர்! உலகையே காப்பவன், ஒப்பில்லாதவன், அழகன். எல்லாம் அவனே தனக்கு வைத்துக்கொண்டது. ஆயிரத்து முந்நூறு வருடமாக யாரும் அதில் ஓர் எழுத்தைக்கூடத் தப்பாக வெட்டவில்லை. இடது காதை நாட்டுக்குக் கொடுத்தவருக்கு ஒரே ஒரு பெயர், அதையும் சரியாக வைக்க முடியவில்லை. முப்பது பேரும் அழகனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

நாலு மணிக்கு வரதன் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேசிக்கொண்டே நந்தியின் முதுகில் சாய்ந்துகொண்டார்.

"இந்தக் கல் தப்பு" என்றேன்.

"கல்லு தப்பில்ல சார். தட்டிப் பாருங்க, ஒரு கீறல் கெடையாது. மணி மாதிரி கீது."

"பேர் தப்பு. அவர் பேர் ஏழுமலை. நான் அவர் தம்பி மகன். நாளைக்குள்ள மாத்தணும்."

"கல்லுல எழுத்தைச் சேக்கலாம் சார், எடுக்க முடியாது. எடுக்கணும்னா மொகத்தையே அரை இஞ்ச் தேய்ச்சி எறக்கணும். ரெண்டு நாள் வேல." பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எழுதிக் குட்த்ததே அவுருதான சார்."

"யார், சேகரா?"

"சேகரு இன்னா எழுதுனாரு? அவுரு கல்லை ஏத்திகினு போறதுக்கு வண்டி பேசுனாரு, அவ்ளோதான். மிலிட்டரிக்காரரு எழுதிக் குட்த்தாரு. போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆடியில, பஸ் ஏறி வந்து. நான் போனப்புறம் எம் பையன் வருவான், குட்த்துடுன்னாரு."

வரதன் உள்ளே போய்ச் சுவரில் ஆணியில் குத்தியிருந்த ஒரு தாளைக் கழற்றிக்கொண்டு வந்தார். கல்தூசியில் கரடுகட்டியிருந்தது. பெரியப்பாவின் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக அணிவகுத்து நிற்பது போல. 'ஹவில்தார் ஏ. கன்னியப்பன் அவர்கள்.'

"பின்னாடி இன்னமோ இங்கிலீஷ்ல கீது சார். எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார் வரதன்.

திருப்பிப் பார்த்தேன். என் மூன்றாவது மனு. எழுத்தறிவற்ற பண்ணைக் கூலி, எவ்விதத் தொடர்பும் கிடையாது. முப்பது வருடத்துக்கு முன் நான் தட்டச்சு நிலையத்தில் உட்கார்ந்து அடித்த வாக்கியம் மங்காமல் இருந்தது.

"ஏன் அப்பா பேரை வெட்டச் சொல்றீங்கன்னு நீங்க கேக்கலையா?" என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்துவிட்டது.

"கேக்காம? மூணு நாள் வந்து இதே எடத்துல குந்திகினு இருந்தாரு. கதை முழுக்கச் சொன்னாரு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. எம்.ஏ. படித்த எனக்கு, கூடவே வளர்ந்த எனக்குத் தெரியாது. கல் வெட்டுகிறவருக்குத் தெரியும். அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

பெரிய வீட்டில் என் தாத்தாவை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கன்னி' என்பார்கள். 'டேய் கன்னி, கன்னி எங்கடா.' கன்னியப்பன் என்று சொன்னால் கடைசியில் 'அப்பன்' வந்துவிடுகிறதே. கூலிக்காரனை எவனாவது அப்பன் என்று கூப்பிடுவானா? அதனால் அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகூட மீசை வைத்த ஆளைக் கன்னி என்றுதான் கூப்பிடும். பெண்கள் சிரிப்பார்கள். நாற்பது வருடம்.

பெரியப்பா பயிற்சி முடிந்து முதல் விடுப்பில் ஊருக்கு வந்தார். இரும்புப் பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் ஆங்கிலத்தில் அவர் பெயர், ராணுவம் வைத்த பெயர். தாத்தா நிறுத்தத்துக்கு வந்து பெட்டியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் தரவில்லை. பெரிய வீட்டு வழியாகப் போகும்போது அந்த வீட்டு முதலாளி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்ததை வரதன் பெரியப்பாவின் குரலிலேயே சொன்னார். "'அந்தாளு இங்கிலீஷ் படிச்சவன்பா. பொட்டியில கீறத எழுத்து எழுத்தாப் படிச்சான். கன்னியப்பன்-னு வாய்ல வந்துட்ச்சி. எங்கப்பன் அப்டியே நின்னுட்டாரு. அவுரு தலை மேல அவுரு பேரு கீது, அவுருக்குத் தெரியாது. இன்னா சொன்னீங்க சாமி, காதுல வுழல, இன்னொரு தபா படிங்கன்னாரு. அவன் பொட்டியப் பாத்துகினே திரும்பவும் படிச்சிட்டான். இன்னொரு தபா சாமின்னாரு. மூணாவது தபா பாதியிலதான் அவனுக்கே புரிஞ்சிது. எந்திரிச்சி உள்ள போய்ட்டான். எங்கப்பன் வூடு வர்ற வரைக்கும் பொட்டிய எறக்கவேயில்ல.'"

போர் முடிந்து ஆஸ்பத்திரியில் காதுக்குக் கட்டுப்போட்டுப் படுத்திருந்தபோது, பெயர் மாறியிருப்பதைக் கவனித்த ஓர் அதிகாரி, ஒரு கையெழுத்துப் போட்டால் திருத்திவிடலாம் என்று சொன்னாராம். வேண்டாம் சாப் என்றாராம் பெரியப்பா. தினமும் காலையில் மைதானத்தில் நானூறு பேர் முன்னால் என் அப்பன் பெயரை முழுசாகக் கூப்பிடுகிறார்கள், அது போதும் என்று.

"ஒண்ணு மட்டும் சொன்னாரு சார்" என்று வரதன் சாக்கை எடுத்தார். "வெரலை வெச்சிப் பாருங்க."

வைத்தேன். ஹவில்தார், ஏ., கன்னி எல்லாம் கால் அங்குல ஆழம். அதற்குப் பிறகு வந்த நாலு எழுத்தில் விரல்நுனி உள்ளே போயிற்று.

"'அந்த அப்பனை மட்டும் ஆழமா வெட்டு. மழையில போவக்கூடாது, எவனும் சொரண்டியும் எடுக்கக்கூடாது'ன்னாரு."

பிள்ளையின் பெயருக்கு முன்னால் அப்பன் ஒற்றை எழுத்தாக நிற்பதுதான் நம் வழக்கம். இங்கே அப்பனுக்கு முன்னால் பிள்ளை ஒற்றை எழுத்தாக நின்றிருக்கிறார். நான் அதைத் தப்பு என்று முப்பது வருடமாக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லலைன்னு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

வரதன் சாக்கை மறுபடி கல்லின் மேல் போட்டார். "வூட்ல படிச்சவங்க யாரும் இல்லியான்னு நான் கேட்டேன் சார். கீறான் ஒருத்தன், எந்தம்பி பையன், பயங்கரப் படிப்பு, அவங்கைல போனா இதைத் திருத்திப்புடுவான்னாரு."

"சொல்லிட்டுச் சிரிச்சாரா?"

"சிரிச்சாரு சார். சத்தியமா சிரிச்சாரு."

தாளை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கல் போகும்வரை வைத்திருந்தேன், இனி எதற்கு, எடுத்துப் போங்கள் என்றார். அன்றிரவு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு விடுதியில் தங்கினேன். அறை 1,200 ரூபாய், கொசுவலை இல்லை, வெந்நீர் ஆறு மணிக்கு மேல்தான். ஊர் பத்து கிலோமீட்டரில் இருக்க, சேகர் ஊர் வீட்டைத் திறந்து வைத்திருக்க, நான் விடுதியில் படுத்தேன். வீம்பு என்பீர்கள். ஆமாம்.

வியாழக்கிழமை 9.05க்குப் பேருந்து, 15 ரூபாய், ஒன்பதரைக்கு ஊர். மேடையில் கல்லை நிறுத்திப் பச்சைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், மின்கம்பத்தில் ஒலிபெருக்கி. சேகர் ஓடி வந்தான்.

"வா அண்ணாத்த. வரமாட்டேன்னு நெனச்சேன்."

"நேத்தே வந்துட்டேன்."

"நேத்தா? எங்க தங்கின?"

"லாட்ஜ்ல."

"லாட்ஜா! வூடு இங்க கீது, தொரை லாட்ஜ்ல தங்கிகீறாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான். பிறகு மெதுவாக, "பேரைப் பத்திச் சண்டை போடத்தான வந்த? அப்பா எழுதிக் குட்த்ததுண்ணா அது. ஏன்னு கேட்டதுக்கு, கல்லு வெக்கிறவன் கேள்வி கேக்கக் கூடாதுன்னுட்டாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

அவனுக்கும் தெரியாது. எனக்கு அற்பமாக ஓர் ஆறுதல் வந்தது.

இந்த இடம் கிடைக்கவே அவன் பதினோரு மாதம் அலைந்தானாம். காலனித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தத்தில் எதற்கு என்று சொல்லிச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து விடுப்பு எடுத்து வந்து, மனு கொடுத்து, காத்திருந்து, திரும்பப் போய். அவன் மனுக்கள் அனுப்பப்பட்டிருக்கின்றன என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அடக்கத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அதை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

திறந்து வைத்தவர் ஊராட்சித் தலைவர். பெரிய வீட்டுப் பேரன். முப்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, மரியாதையான ஆள்தான். துணியை இழுத்தார், கைதட்டல், பிறகு பேச்சு. என் கைக்கடிகாரத்தில் பதினொரு நிமிடம். 'நம்ம மிலிட்டரி', 'மிலிட்டரி தாத்தா', 'இந்த மண்ணின் மைந்தர்', 'முன்னாள் ராணுவ வீரர்.' எல்லாம் வந்தது, பெயர் மட்டும் வரவில்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த வீட்டு நாக்குக்கு அந்தப் பெயர் பழக்கமில்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேண்டுமென்று செய்தால்கூடச் சண்டை போடலாம். இப்படி மறந்துபோயே இருக்கிறார்களே, இவர்களை என்ன செய்வது?

எழுந்தேன். "தலைவரே, கல்லுல இருக்கிற பேரைக் கொஞ்சம் படிங்க."

அவர் திரும்பிக் கல்லைப் பார்த்தார். "ஹவில்தார் ஏ. கன்னியப்பன் அவர்கள்."

நான் இடது காதுக்குப் பின்னால் கையை வைத்தேன். "காதுல விழலை."

"ஹவில்தார் ஏ. கன்னியப்பன் அவர்கள்."

"அண்ணாத்த, மைக்கு நல்லாத்தான் கீது" என்று சேகர் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"இன்னொரு தபா" என்றேன். என் வாயில் அந்தப் பேச்சு வந்து பல வருடம் ஆகியிருந்தது.

தலைவருக்கு முகம் சிவந்தது. கிழவர் யாரோ காது கேட்காமல் சிரமப்படுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, மைக்கை வாய்க்கு அருகில் இழுத்து, ஒவ்வோர் எழுத்தாக, உரக்கப் படித்தார். மின்கம்பத்து ஒலிபெருக்கியிலிருந்து அது எதிர் மதிலில் மோதித் திரும்பி வந்தது. கன்னியப்பன் அவர்கள்.

"ஹாஜிர்!"

எனக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். சேகர் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். கடைசிப் பத்து வருடம் அப்பாவை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனவன் அவன். மூன்றாவது முறை பெயர் கேட்டதும் தன்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. எதற்காகச் சொன்னோம் என்று அவனுக்கே புரியாமல் விழித்தான். கூட்டம் சிரித்தது. நான் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவனிடம் கொடுத்தேன். பின்பக்கத்தையும் படி என்றேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஒரு நாள் போதும். செங்கல்பட்டில் காலையில் இறங்கினால் மாமல்லபுரம் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். பேருந்தில் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் தூங்கிவிடாதீர்கள். டிசம்பர், ஜனவரி என்றால் வேடந்தாங்கலில் பறவைகள் இருக்கும், ஆனால் அது வேறு திசை, ஒரே நாளில் இரண்டையும் திணிக்க வேண்டாம். சிற்பப் பட்டறைகளுக்கு நாலு மணிக்கு மேல் போங்கள். ஆட்டோவில் ஏறும் முன் பேரம் பேசுங்கள், நந்தியை அவர் கண்டுபிடிக்க விடாதீர்கள்.

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு நிறுத்தத்தின் முனையில் கறுப்புக் கல் ஒன்று தெரியும். எதிரே நீள மதில். அங்கே பார்க்க வேறெதுவும் இல்லை, டீக்கடைகூட இல்லை. அடுத்த பேருந்துக்கு இருபது நிமிடம் ஆகும். பரவாயில்லை, இறங்குங்கள். மதில் பக்கம் திரும்பி நின்று பெயரை வாய்விட்டுப் படியுங்கள். கடைசி நாலு எழுத்தை விழுங்காதீர்கள். யாருக்கும் காதில் விழவில்லை என்று தோன்றினால், இன்னொரு தபா.